எந்தப் பி?

எங்கள் காபிக் கடையில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். கடைக்குப் புதிதாக விளக்குப் பலகை வைக்கிறார்களாம். விற்கிற கொட்டை வகைகளின் பெயரையெல்லாம் அதில் எழுத வேண்டுமாம். "பெரியம்மா, ஒரு கடையில பீபெரின்னு போட்டுகீறான். இன்னொருத்தன் பீபரின்றான். பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் நடுவுல ஒரு எழுத்து சேத்து பீபெர்ரின்னு போட்டுகீறான். எதுதான் சரி?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரை வாயால் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால், சரியான எழுத்தைச் சொல்வதற்கு முன்னால், தப்பான எழுத்தால் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டியதாக இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் அம்மையார்குப்பம். வீட்டில் தறி. அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. யுத்தம் வந்து நூல் கிடைக்காமல் போனதும் தறியும் நின்றது. திருத்தணியில் இருந்த அத்தை என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மங்காபதி நாயுடுவின் காபிக் கடையில் கொட்டை பொறுக்குகிற வேலைக்குச் சேர்த்துவிட்டாள். "பேச மாட்டா. வேலை செய்வா" என்றாள் அத்தை. "பேசறதுக்கு இங்க ஆள் இருக்குதும்மா" என்று நாயுடு பின்பக்கம் பார்த்தார். அங்கே முனியம்மா அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

கடை, ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. முன்பக்கம் தராசும் தகர டப்பாக்களும் நாயுடுவும். பின்பக்கம் ஒரு கொட்டகை. அங்கேதான் அடுப்பு, வறுக்கிற உருளை, கையால் சுற்றி அரைக்கிற மிஷின், முனியம்மா அக்கா, நான். வறுக்கிறவர் எத்திராஜு. கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போகிற கூட்டம் கடைக்கு நேரே வரும்போது வறுவல் வாசனை பட்டு நடை கொஞ்சம் தளரும். "சாமியே எறங்கி வந்து ஒரு டம்ளர் கேக்கும் பாரு" என்பார் எத்திராஜு. "வந்தா நீ பீடி கேப்ப" என்பாள் முனியம்மா அக்கா.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது எல்லாம் மிஷினில் சலித்து வந்துவிடுகிறது. அப்போது மூட்டையைப் பிரித்து முறத்தில் கொட்டினால் கல், மண்கட்டி, சணல் நார் எல்லாம் இருக்கும். அதை எடுக்க யாராலும் முடியும். அதற்குப் பிறகுதான் வேலை. கறுத்த கொட்டை, பூச்சி துளைத்தது, உடைந்தது, சுருங்கிப்போன பிஞ்சு. கறுப்புக் கொட்டை ஒன்று தப்பி உள்ளே போனால் ஒரு பொட்டலம் கெட்டது என்பார் நாயுடு. கண்ணை நம்பிப் பொறுக்கக் கூடாது, விரலை நம்பிப் பொறுக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். கண் ரோட்டுப் பக்கம் போய்விடும், விரல் போகாது. ஈரம் வாங்கின கொட்டை விரலுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். அதைத் தனியே எடுத்து வெயிலில் பரப்புவோம்.

வறுக்கும்போது உருளையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கொட்டை முதலில் மஞ்சளாகி, வைக்கோல் வாசனை வரும். அப்புறம் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கி வருகிற சமயம் இறக்கி, அகலத் தட்டில் கொட்டி, விசிறி ஆற்றிவிட வேண்டும். ஆறாமல் அரைத்துப் பொட்டலம் கட்டினால் காகிதத்தில் எண்ணெய் இறங்கி, மேலே ஒட்டின சீட்டில் எழுத்து கலங்கிப்போகும்.

நாயுடு மனுஷரைத் திட்ட மாட்டார். கொட்டையைத்தான் திட்டுவார். ஒரு தடவை எத்திராஜு பீடி பிடிக்க வெளியே போய்ப் பேச்சில் நின்றுவிட்டார். உருளையில் இருந்தது கரியாகிவிட்டது. நாயுடு வந்தார். கரிந்த கொட்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஏம்பா, உன்னப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு ஆள் போட்டிருந்தனே, அவரு எங்க போனாரு? சுட்டப்ப நீ கூப்பிட்டியா? கூப்பிட்டும் வரலியா? அவருக்கு ஜோலி இருந்திருக்கும்பா, நீ மனசுல வச்சுக்காத" என்று மெதுவான குரலில் சொன்னார். எத்திராஜு பக்கத்தில்தான் நிற்கிறார். கொட்டையும் பதில் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நாயுடு அதைப் பத்திரமாகத் தட்டில் வைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். "ரெண்டு அறை குடுத்துட்டுப் போயிருந்தா தேவலாம்" என்று எத்திராஜு சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சீட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது நாயுடுவின் கையெழுத்தால். அவருக்கு எழுத்துப் பழக்கம் தெலுங்கில். தமிழில் எழுதினாலும் எல்லா எழுத்துக்கும் தலையில் ஒரு கொக்கி போட்டுவிடுவார். வாங்குகிறவர்கள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். என் எழுத்து குண்டு குண்டாக, தள்ளித் தள்ளி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மைக்கூட்டையும் பேனாக் கட்டையையும் என்னிடம் கொடுத்துவிட்டார். வாய் திறக்காமல் செய்கிற வேலை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் நாங்கள் நல்ல சரக்கு என்று விற்றது ஒன்றே ஒன்று. பிளாண்டேஷன் ஏ. அவ்வளவு நீளம் சீட்டில் அடங்காது என்பதால் 'ஏ' என்று மட்டும் எழுதுவேன். ஊரிலும் "ஏ காபி" என்றே கேட்பார்கள்.

யுத்தம் முடிந்த சமயம் பட்டணத்து ஏஜெண்டு ஒருவர் புதுச் சரக்கு ஒரு மூட்டை கொண்டுவந்தார். மூட்டை மேல் மையால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருந்தது. முதல் எழுத்துக்கு ஒரு வயிறு. அடுத்ததற்கு இரண்டு வயிறு. என்னவென்று கேட்டதற்கு இரண்டையும் பி என்றுதான் ஏஜெண்டு வாசித்தார். பிரித்துக் கொட்டினோம். நாங்கள் அதுவரை பார்த்த காபிக் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இது உருண்டையாக முத்து மாதிரி இருந்தது. முறத்தைச் சாய்த்தால் கடகடவென்று ஓடியது.

"இதும் பேரு பீபெரி" என்றார் ஏஜெண்டு.

முனியம்மா அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாது?"

"பீபெரிம்மா. ஒசந்த சரக்கு."

"ஒசந்ததுக்கா இந்தப் பேரு?" என்று கேட்டவள், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏஜெண்டு பொறுமையாகச் சொன்னார். இங்கிலீஷில் பீ என்றால் பட்டாணியாம். பெரி என்றால் பழமாம். பட்டாணி மாதிரி உருண்டையாக இருப்பதால் இந்தப் பெயராம். காபிப் பழத்தில் எப்போதும் இரண்டு கொட்டை இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். எப்போதாவது ஒரு பழத்தில் ஒரே கொட்டை நிற்கும். அது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டு வளரும். அதைத் தனியாகப் பிரித்து விற்கிறார்கள். உருளையில் போட்டால் ஒரே சீராக உருளும், அதனால் ஒரே சீராக வறுபடும். இது உண்மைதான். வறுத்துப் பார்த்த அன்றைக்கு எத்திராஜுவே பீடியை மறந்து நின்றார்.

பெயரை நான் சீட்டில் முழுதாக எழுதினேன். பீபெரி. ஏஜெண்டு சொன்னது என் காதில் விழுந்தபடி. அந்தப் பெண்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆனால் அந்தச் சீட்டு கடையில் ரொம்ப நாள் நிற்கவில்லை.

காரணம் எத்திராஜு. பட்டாணிக் கதை அவருக்குச் சப்பென்று இருந்ததுபோல. வாங்க வந்தவர்களிடம் வேறு கதை சொல்ல ஆரம்பித்தார். "மலைத் தோட்டத்துல மரநாய்னு ஒண்ணு கீது. நல்ல பழமா பாத்துத் துண்ணும். கொட்டை அதுக்கு செரிக்காது. காலங்காத்தால கூலிக்காரங்க போயி அத பொறுக்கியாந்து கழுவி..."

"கழுவறாங்களா?" என்றாள் முனியம்மா அக்கா.

"கழுவாம பின்ன?"

"உன்ன மாதிரி ஆளு கழுவினா?"

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் பெயர் அந்தக் கதைக்குச் சாட்சி சொல்வதுபோல இருந்ததே. ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு வாரம் கழித்து, நல்ல வாடிக்கைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "நாயுடு, ஏ காபியே குடுங்க. அந்த நாய் சரக்கு வாணாம்" என்றார். நாயுடு உருண்டைக் கொட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். "ஏம்பா, நீ மரநாய் வயித்துல இருந்தா வந்த? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே. எத்திராஜாண்ட மட்டும் சொன்னியா?" என்று அதைக் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தெலுங்கில் பெண்ணைக் கூப்பிடுகிற வழக்கப்படி, "அம்மாயி, இனிமே முழுப் பேர எழுதாத. மூட்டையில இருக்கற முதல் எழுத்து ஒண்ணு போதும். பி. குட்டையா எழுது, நீட்டாத" என்றார்.

நான் 'பி' என்று எழுதினேன். டப்பா வரிசையில் 'ஏ' பக்கத்தில் 'பி' அழகாகத்தான் இருந்தது. இதில் ஒரு குழி இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, நாயுடுவுக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் தை மாதம் பொன்னுரங்கம் என்பவர் கடைக்கு வந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் வேர்க்கடலை பயிர் வைக்கிறவர். ஒரே பெண், லோகநாயகி. மலையடிவாரத்துச் சத்திரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ரேணிகுண்டா. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன் ஜெகந்நாதம்தான் வளர்த்தவர், ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா, அவர் வைத்ததுதான் சட்டம். "அவரு காபிப் பிரியருங்க. காபி நல்லா இருந்தா மீதி எதுலயும் குத்தம் பாக்க மாட்டாருன்னு சொல்றாங்க. அதனால மாப்பிள வீட்டாருக்கு கடையிலயே ஒசந்தது எதுவோ அதக் குடுங்க. எங்க ஆளுங்களுக்கு அடுத்தது போதும்" என்றார் பொன்னுரங்கம்.

நாயுடு அப்படியே செய்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு உருண்டைக் கொட்டை. பெண் வீட்டாருக்குத் தட்டைக் கொட்டை. நான் சீட்டு எழுதி ஒட்டினேன்.

கல்யாணத்தன்று காலை நான் கடை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பொன்னுரங்கம் கல்யாண வேஷ்டியோடு, செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"நாயுடு, வாங்க சீக்கிரம். வண்டிக்குப் போறேன்றாங்க."

"யாரு?"

"மாப்பிள வீட்டுக்காரங்க எல்லாருந்தான். துணிமணியெல்லாம் மூட்ட கட்டிகினு கீறாங்க. நீங்க குடுத்த காபியாலதான்."

நாயுடு சட்டையை மாட்டிக்கொண்டே, "சீட்டு எழுதினது நீதானே, வா" என்று என்னையும் கூப்பிட்டார். என் கையில் இருந்த வாளியை முனியம்மா அக்கா வாங்கிக்கொண்டு, மைக்கூட்டையும் வெற்றுச் சீட்டையும் கொடுத்தாள். கூடவே பச்சைக் கொட்டையில் இரண்டு ரகத்திலும் ஒரு பிடி எடுத்து என் தலைப்பில் முடிந்துவிட்டாள். "காட்டறதுக்கு ஆவும். போ. வாயத் தொற" என்றாள்.

சத்திரத்தில் இரண்டு கூடம். உள்கூடம் மாப்பிள்ளை வீட்டாருக்கு, அவர்களுக்கென்று தனி அடுப்பு. விடிந்ததும் ஜெகந்நாதம் பால் கேட்டுப் பெண் வீட்டு அடுப்புப் பக்கம் வந்திருக்கிறார். அங்கே வரிசையாக 'ஏ' என்று எழுதின பொட்டலங்கள். திரும்பிப் போய்த் தங்கள் பக்கத்துப் பொட்டலத்தைப் பார்த்தால் 'பி'. அவ்வளவுதான்.

நாங்கள் போனபோது அவர் கூடத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஏ பொட்டலம், மறு கையில் பி பொட்டலம். அவருக்குப் பின்னால் பெட்டிகள் கட்டிவைத்திருந்தன. நேற்றுவரைக்கும் பொன்னுரங்கத்தை அவர் மச்சான் முறை வைத்து, தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிட்டாராம்.

"பொண்ணு வீட்டுக்காரரே, நான் ரயில்வேல கீறவன். ஏ முன்னால, பி பின்னால. இதக்கூடத் தெரியாதவன்னு நெனச்சிகினீங்களா? உங்களுக்கு ஏ. எங்களுக்கு பி. பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாலயே எங்கள ரெண்டாங் கிளாசுல ஏத்திட்டீங்க."

நாயுடு கும்பிட்டார். "ஐயா, இது அந்தப் பி இல்லீங்க."

"வேற எந்தப் பி?"

"வேற பிங்க."

"எத்தினி பி கீது?"

"இங்கிலீசுல ரெண்டு கீதுங்க. ஒரு வயித்துப் பி, ரெண்டு வயித்துப் பி. நீங்க சொல்றது ரெண்டு வயித்துப் பி. இது ஒரு வயித்துப் பி. தெலுங்குல எழுதியிருந்தா தனித்தனியா தெரியும். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துங்க."

ஜெகந்நாதம் கொஞ்சம் யோசித்தார். குமாஸ்தா ஆயிற்றே, ஞாயம் அவருக்குப் புரிந்தது. "சரி. ஒரு வயித்துப் பிதான்னே வச்சிக்கலாம். அதுக்கு முழுப் பேரு இன்னா?"

நாயுடு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவரே மெல்ல, "பீபெரிங்க" என்றார்.

பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், மாப்பிள்ளையின் பெரிய அத்தை, கணீரென்று கேட்டாள்: "இன்னாதுடா சொல்றாரு? பீயா?"

"தே, அதான் அந்த மரநாய் சரக்கு" என்று யாரோ பெண் வீட்டு ஆளே பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். எத்திராஜுவின் கதை எங்களுக்கு முன்னாலேயே சத்திரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"நாய் துண்ணதா?" என்றாள் பெரிய அத்தை.

"இல்லீங்கம்மா, இல்லீங்க" என்று நாயுடு இரண்டு கையையும் ஆட்டினார். "பீன்னா இங்கிலீசுல பட்டாணிங்க."

ஜெகந்நாதம் எழுந்தே நின்றுவிட்டார். "பட்டாணிய வறுத்துக் காபியில கலந்துகீறீங்களா? யுத்தத்துல புளியங்கொட்டையக் கலந்து குடுத்தானுங்க. அத நான் மூக்காலயே கண்டுபிடிச்சவன். எனக்கு பட்டாணியா?"

நாயுடுவின் கை தானாக ஒரு கொட்டையைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. திட்டுவதற்கு அவருக்கு ஏதாவது வேண்டும். பொன்னுரங்கம் தூணில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் கொட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் போனேன். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் நான் பேசினது அதுதான் முதல் தடவை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"ஐயா, பட்டாணி இல்லீங்க. காபிக் கொட்டைதாங்க. மத்த பழத்துல ரெண்டு கொட்டை ஒட்டிகினு இருக்கும். அதான் தட்டையா கீது. இந்தப் பழத்துல ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கும். அதனால உருண்டையா..."

ஜெகந்நாதம் கொட்டையை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். முகம் இளகுவதுபோல இருந்தது. அப்போது பெரிய அத்தை சொன்னாள்: "ஏண்டா, சோடிக் கொட்டைய அவுங்க வச்சிகினு, கல்யாணத்துக்கு வந்த நமக்கு ஒத்தக் கொட்டையக் குடுத்துகீறாங்களா?"

நான் கையை மூடிக்கொண்டேன். இனிமேல் அந்தக் கொட்டையைப் பற்றி என்ன சொன்னாலும் அது இன்னொரு தப்பாகும் என்று தெரிந்துவிட்டது.

"பெட்டிய எடுங்க" என்றார் ஜெகந்நாதம்.

அந்த நேரத்தில் பக்கத்து அறைக் கதவு கொஞ்சம் திறந்து, வளையல் போட்ட கை ஒன்று என்னைக் கூப்பிட்டது. உள்ளே போனேன். லோகநாயகி பாதி தலை பின்னினபடி, கூரைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, அந்த சீட்டக் கிழிச்சிட்டு வேற எழுத முடியுமா?"

"முடியும். இன்னா எழுதறதுன்னுதான் தெரியல. எந்தப் பேர எழுதினாலும் வம்பா கீது."

வெளியே பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது.

"காபி இன்னா காபின்னு ஏங்க்கா எழுதணும்?" என்றாள். "யாருக்குன்னு எழுது. யாருக்குன்னு இருந்தா, இன்னான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவருதான வளத்தவரு, மொத சீட்டு அவருக்கு. அவர்கள் போட மறந்துடாத."

அறையிலேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து குண்டாகத்தான் வந்தது. முதல் சீட்டில், 'மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜெகந்நாதம் அவர்களுக்கு.' மற்றதில், 'சம்பந்தி வீட்டாருக்கு.' நாயுடு சோற்றுப் பருக்கை வைத்துப் பழைய பி மேல் புதுச் சீட்டை ஒட்டினார். பொன்னுரங்கம் அந்தப் பொட்டலங்களை வெற்றிலைத் தட்டில் அடுக்கி, தானே தூக்கிக்கொண்டு போய் நாற்காலி முன்னால் வைத்தார்.

ஜெகந்நாதம் மேல் பொட்டலத்தை எடுத்தார். மனதுக்குள் வாசித்தார். அப்புறம் பெரிய அத்தைக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார். 'அவர்களுக்கு' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தார்.

"அதுக்குள்ள இன்னா கீதுன்னு கேளுடா" என்றாள் பெரிய அத்தை.

"எனக்குன்னு எழுதிகீதுக்கா. அப்புறம் இன்னா கேக்கறது?" என்றார் அவர். பொட்டலத்தை மூக்கருகில் வைத்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்தார். "வெந்நி காயுதா பாவா?"

பாவா என்ற வார்த்தையைக் கேட்டதும் பொன்னுரங்கம் அடுப்படிக்கு ஓடினார். ஓடினது சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியாது. நாதஸ்வரக்காரர்களை யாரோ கை காட்டிக் கூப்பிட்டார்கள். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஜெகந்நாதம் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். பெட்டிகள் கட்டினது கட்டினபடி ஓரத்தில் இருந்தன. தாலி கட்டின பிறகு அதன்மேல் பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள்.

கடைக்குத் திரும்பி வரும்போது நாயுடு தன் பையில் கிடந்த உருண்டைக் கொட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "உன்னாண்ட நான் பேசலப்பா" என்று பையிலேயே போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு திருத்தணியில் அந்தச் சரக்குக்கு 'சம்பந்தி காபி' என்று பெயர் ஆகிவிட்டது. யாரும் வைக்கவில்லை, கல்யாணத்துக்கு வந்தவர்கள் கேட்கிற விதத்தில் அப்படி ஆயிற்று. வாங்குகிறவர்களுக்கும் சொல்லக் கூச்சமில்லை, விற்கிற எனக்கும் கூச்சமில்லை. பின்னாளில் நான் முன்பக்கத்துக்கு வந்து தராசு பிடித்தபோதும் அந்தப் பெயரைத்தான் சொல்லி விற்றேன்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள் ஜெகந்நாதம் கடைக்கு வந்தார். நாயுடு வெளியே போயிருந்தார். முன்பக்கத்தில் நான் மட்டும். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ. "எங்க வூட்டுப் பொண்ணு காபி கேக்குது. ரேணிகுண்டால கிடைக்கறது எதுவும் அவளுக்கு ஆவல. இங்கத்துதான் வேணுமாம். ஒரு வீசை குடு" என்றார்.

எங்கள் வீட்டுப் பெண் என்று அவர் சொன்னது லோகநாயகியைத்தான். எனக்கு மனம் நிறைந்துபோனது. வறுத்து ஆறின உருண்டைக் கொட்டையை அரைத்துப் பொட்டலம் கட்டினேன். சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல இன்னா எழுதட்டுங்க?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "அவ பேர எழுது."

லோகநாயகி என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தேன். அவர் குனிந்து சீட்டைப் பார்த்தார். விரலை வைத்து, பெயருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் காட்டினார்.

"அம்மாளுக்குன்னு போடும்மா."